வெட்டிய கல்லீரல் முளைக்காது

ஆசிரியருக்கு,

கல்லீரல் தானம் தந்தால் வெட்டிய பகுதி மறுபடி முளைக்கும் என்ற பேச்சு மண்டபம், தொண்டிப் பக்கம் கேட்கிறது. முளைக்காது, மிஞ்சிய பகுதிதான் பெரிதாகும். குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் போர்ட்டல் சிரையின் ரத்தம் முழுவதும் அதற்குள் பாய்வதே வளர்ச்சியைத் தூண்டும் காரணங்களில் ஒன்று. கல்லீரலில் ஒரு பகுதி வெட்டப்பட்ட எலிகளில் முதலில் கல்லீரல் செல்கள் பெருகி, ரத்தக்குழாய் இல்லாத கொத்துகளாகத் திரளும். 3, 4ஆம் நாளில்தான் நுண் ரத்தக்குழாய்ச் சுவர்ச் செல்கள் உள்ளே நுழையும். அவற்றை இழுப்பது கல்லீரல் செல்கள் சுரக்கும், ரத்தக்குழாய் வளரத் தூண்டும் விஇஜிஎஃப் புரதம். மிச்சம் மிகச் சிறியதானால் அதே ரத்த வேகம் நுண்குழாய்களைச் சிதைக்கும். காமாலை, வயிற்றில் நீர் என முடியும். அதனால்தான் தானம் தருபவருக்குச் சுமார் 30 சதவீதமாவது விடுகிறார்கள். கொழுப்பேறிய கல்லீரலுக்கு அதுவும் போதாமல் போகலாம். கடலுக்குப் போகிறவர்கள் கவனிக்க: கல்லீரல் பெருத்தாலும் வயிற்றுத் தையல் ஆற நாளாகும். மருத்துவர் சொல்லும்வரை வலை இழுப்பதும் ஐஸ் பெட்டி தூக்குவதும் கூடாது, குடலிறக்கம் வரலாம்.

– மருத்துவத் துறை வாசகர்கள், இராமநாதபுரம்