கந்தகத்தோடு கழிந்த காலம்

அன்பு மகளுக்கு,

போன வாரம் பேசும்போது, "அந்த நெடியிலும் இரைச்சலிலும் அத்தனை வருடம் எப்படித்தான் இருந்தீர்களோ அப்பா" என்றாய். நீ வருத்தத்தோடு கேட்டதால் அப்போது பதில் வரவில்லை. அந்தக் கந்தக அமில ஆலையில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளவில்லை, அம்மா. விரும்பித்தான் இருந்தேன்.

கந்தகத்தை நீ மஞ்சள் பொடியாகத்தான் பார்த்திருப்பாய். 115 டிகிரியைத் தாண்டினால் அது உருகித் தேன் நிறத்தில் ஓடத் தொடங்கும். மேலும் சூடாக்கினால் இன்னும் இளகும் என்றுதானே நினைப்போம்? 160 டிகிரியைத் தொட்டதும் நிறம் கறுத்துச் சிவந்து, பம்ப் தள்ள முடியாத அளவுக்குக் கெட்டிப்பட்டுவிடும். அதனால் குழாய்களுக்கு நீராவி உறை போட்டு, 140 டிகிரியை ஒட்டியே வைத்திருப்போம். இப்படி முரண்டு பிடிக்கும் பொருளின் மேல் எனக்கு எப்படியோ பிரியம் வந்துவிட்டது. அது சிந்தித் தீப்பிடித்தால் பகலில் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. இரவில் நீலமாக ஊர்ந்து போகும். ஆபத்துதான், ஆனால் அந்த நீலத்தின் அழகை மறுக்க முடியாது.

வேலை பழக்கிய மூத்த ஆபரேட்டரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் பம்பின் பேரிங்கில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். "இது இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும், எழுதி வை" என்பார். ஷிப்ட் மாறும்போது லாக் புத்தகத்தில் அதை எழுதாமல் யாரையும் வெளியே விடமாட்டார். புகைபோக்கியை அண்ணாந்து பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் அவரே. கந்தகம் எரிந்து வரும் வாயு, வினையை வேகப்படுத்தும் வனேடியம் வினையூக்கி அடுக்குகளைக் கடந்து கந்தக மூவாக்சைடு என்ற வாயுவாக மாறும். அதை நேராகத் தண்ணீரில் விட்டால் பிடிக்க முடியாத அமிலப் பனிமூட்டமாகிவிடும் என்பதால், 98 சதவீத அமிலத்தில்தான் கரைப்போம். அந்த அடர்த்தி பிசகினால் உச்சியில் வெண்புகை தெரியும். ஆய்வகத்திலிருந்து முடிவு வருவதற்குள் அவர் சொல்லிவிடுவார். நன்றாக ஓடும் ஆலையின் புகைபோக்கியில் எதுவுமே தெரியாது. ஒன்றும் தெரியாத அந்த வானம்தான் எங்களுக்குப் பெருமை.

பயம் இருந்ததா என்றால், இருந்தது. ஷிப்ட் தொடங்கியதும் அவசரக் குளியல் குழாயைத் திறந்து, தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற வேலை. அந்தப் பயம் எங்களை ஒருவருக்கொருவர் நெருக்கமாக்கியது. பக்கத்தில் நிற்பவனின் கண்ணாடியும் கையுறையும் சரியாக இருக்கின்றனவா என்று கேட்காமலே பார்த்துக்கொள்வோம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, ஆண்டுப் பராமரிப்பு முடிந்து ஆலையை மறுபடி ஏற்றும் நேரம். வினையூக்கி அடுக்கு 400 டிகிரிக்கு மேல் சூடேறும்வரை காத்திருந்து, பிறகுதான் கந்தகத்தை விடுவோம். கண்ட்ரோல் ரூமில் எல்லோரும் முதல் அடுக்கின் வெப்பநிலையையே பார்த்துக்கொண்டு நிற்போம். முள் மெல்ல நகரும், பிறகு தானாகவே ஏறத் தொடங்கும். வினை பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வெளியிலிருந்து எரிபொருள் வேண்டாம். கந்தகத்தின் சூடே பாய்லரில் நீராவியாகி மற்ற இயந்திரங்களையும் ஓட்டும். அந்த நிமிடத்தில் மேலதிகாரி, உதவியாளர் என்ற வேறுபாடு இருக்காது. யார் கையை யார் குலுக்கினோம் என்றே தெரியாது.

நாங்கள் செய்த அமிலத்தில் பெரும்பகுதி பாஸ்பேட் உரம் தயாரிக்கப் போனது. எங்கோ ஒரு வயலில் அது கதிராகியிருக்கும் என்று இரவு ஷிப்டில் நினைத்துக்கொள்வேன்.

நீ வரும்போது என் பழைய குறிப்பேடுகளை எடுத்து வைக்கிறேன். குழாய் வரைபடங்களெல்லாம் என் கையால் போட்டவை. புரியாத இடத்தில் நிறுத்திக் கேள். உனக்குச் சொல்லிக்கொடுக்க எத்தனை நேரமானாலும் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா