அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

எடிசன், நியூ ஜெர்சி
ஏப்ரல் 30, 2025

அன்புள்ள எல்லோருக்கும்,

உதவித்தொகையைக் கூட்டித் தரச் சொல்லி மகளின் கல்லூரிக்கு மனுப் போட்டிருந்தோம் அல்லவா, நேற்று மதியம் அங்கிருந்து திருத்திய உதவித்தொகைக் கடிதம் வந்துவிட்டது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொடுத்திருக்கிறார்கள். மே 1 கெடுவுக்கு முன்பே முன்பணம் கட்டியாயிற்று. மகள் அங்கேயே சேர்கிறாள். போன செப்டம்பரிலிருந்து எங்கள் வீட்டில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி எழுதப் போவதில்லை. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்தில் முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபாஃப்சா படிவம் (கல்லூரி உதவித்தொகைக்கான அமெரிக்க அரசின் விண்ணப்பம்) 2023 வரிக்கணக்கைத்தான் பார்க்கும், 2024இல் எனக்கு வேலை போனது அதற்குத் தெரியாது, நாமாகப் போய்ச் சொன்னால்தான் உண்டு என்று எனக்கு முதலில் விளக்கிய, பக்கத்து ஊர் பிஸ்கேடவேயில் இருக்கும் நண்பருக்கு நன்றி. தகுந்த ஆவணம் இருந்தால் கணக்கை மாற்றிப் போட உதவித்தொகை அலுவலருக்குச் சட்டமே அதிகாரம் கொடுத்திருக்கிறதாம். அது தெரியாமல், மேல்முறையீடு என்றால் பிச்சை கேட்பது என்று இரண்டு வாரம் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். கடைசி வேலை நாளைக் குறிப்பிட்டு ஒரே நாளில் கடிதம் கொடுத்த பழைய அலுவலகத்து அம்மையாருக்கும், பள்ளி ஆலோசகருக்கும் நன்றி. உதவி என்று போட்டிருந்த தொகையில் 5,500 டாலர் கடன் என்று கண்டுபிடித்தவள் மகள்தான். நான் மொத்தத்தைப் பார்த்துவிட்டு லட்டு வாங்கப் போயிருந்தேன்!

மூன்று பக்கத்துக்கு நான் அழுது எழுதியிருந்த மனுவை ஒரே பக்கமாக வெட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நேரில் சொல்லிவிட்டேன்.

இனி பாளையங்கோட்டை மருந்துக்கடை அண்ணாச்சி.

ஊரில் அப்பாவுக்கு நாங்கள் செய்யும் வைத்தியச் செலவையும் மனுவில் காட்டலாம் என்றார்கள். எல்லாக் கல்லூரியும் அதை ஏற்பதில்லை, இந்தக் கல்லூரி கேட்டது. ஆனால் மாதவாரியாக பில் வேண்டும். அப்பாவிடம் கேட்டால் தினசரிக் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்த நாலு பில் கிடைத்தது. மீதி எல்லாம் அம்மா பால் கணக்கு எழுதிக் கிழித்துப் போட்டது. வேறு வழியில்லாமல் கடைக்குப் போன் போட்டேன். அண்ணாச்சியை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.

அப்பா எப்போதும் ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர். பில்லில் பெயர்கூட இருக்காது. அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? டாக்டர் பெயரையும் மாத்திரைகளையும் வைத்து, 2024 ஜனவரியிலிருந்து இந்த மார்ச் வரை பதினைந்து மாதத்தையும் கம்ப்யூட்டரில் துழாவினார். இரவு பத்து மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவார். எனக்கு அப்போது மதியம் பன்னிரண்டரை. ஒவ்வொரு பில்லாக எடுத்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு, போட்டோ அனுப்புவார். பிளஸ் டூ படிக்கும் அவர் மகள் ஒவ்வொரு மருந்துக்குப் பக்கத்திலும் அது எதற்கு என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். நான்கு இரவு. அவளுக்கு அது பரீட்சை முடிந்த விடுமுறை. தூங்கியிருக்கலாம்.

நான்காம் நாள் வேலை முடிந்ததும் அவரே கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனச்சுக்கிடாதீய. அக்டோபர்ல இருந்து அப்பா பாதி அட்டைதான் வாங்கியிருக்காவ. தெனமும் கடையில நிக்கேன், நானும் கவனிக்கல. பில்ல வரிசையா வச்சுப் பாக்கையிலதான் தெரிஞ்சுது. என்னன்னு கேட்டுக்கிடுங்க."

கேட்டேன். "ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலும் பிரஷர் நிக்கத்தான்டே செய்யுது" என்றார் அப்பா. எனக்கு வேலை போனதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. குரலை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். போனை வைத்துவிட்டு காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மகள் போட்ட அட்டவணையில் அந்த மாதங்களில் செலவு பாதியாக இறங்கி நின்றது. அலுவலர் பார்த்தால் இவர்களுக்குச் சுமை குறைந்துவிட்டது என்றுதானே நினைப்பார்? எண்ணைத் தொடவில்லை. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: மகனுக்கு வேலை போனது தெரிந்து என் தகப்பனார் மருந்தைக் குறைத்துக்கொண்டார். ஆன்ட்டி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் வெட்டினார், அந்த வரியை மட்டும் வெட்டவில்லை.

கல்லூரிக்காரர்கள் எதைப் பார்த்து இரங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. வேலை போன கடிதமாகவே இருக்கலாம். ஆனால் கல்லூரி ஒரு டாலர்கூட ஏற்றியிருக்காவிட்டாலும் அண்ணாச்சிக்கு இந்த மடலை எழுதியிருப்பேன். அந்த பில்களை யாரும் அடுக்கிப் பார்த்திருக்காவிட்டால் அப்பா இன்னும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டுக்கொண்டிருப்பார்.

உழைப்புக்குப் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, பிரிண்ட் எடுத்த தாளுக்கு 120 ரூபாய் ஆயிற்று, அதை மட்டும் அப்பாவிடம் வாங்கிக்கொள்கிறேன் என்றுவிட்டார் அண்ணாச்சி. வாங்கியும் கொண்டார். அவர் மகளுக்கு இந்த வருஷம் கல்லூரி. விண்ணப்பம், கட்டணம், கடன் எதுவானாலும் எந்த நேரத்திலும் என்னைக் கூப்பிடலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். இப்போதுதான் இதில் கொஞ்சம் தேறியிருக்கிறேன்.

அப்புறம் அண்ணாச்சி, மே மாதத்திலிருந்து மருந்துப் பணம் நேராக உங்கள் கடைக்கே வந்துவிடும். அப்பா வந்து பாதி அட்டை கேட்டால் கொடுக்காதீர்கள்.