மூன்றாவது டேக், ஓவர்டப் கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மெட்டல், பங்க், ஹார்ட்கோர் என்ற மூன்று முரட்டு ராக் வகைகளுமே அசலைத் தொலைத்துவிட்டன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையில் பாதி நியாயம் இருக்கிறது. மீதியில், வலி ஓரிடம் இருக்கக் கட்டுரையாளர் மருந்தை வேறிடத்தில் தடவுகிறார். அன்று கரடுமுரடாக இருந்தது, இன்று கம்ப்யூட்டர் வழவழப்பாக்கிவிட்டது என்கிறார். அந்தக் கரடுமுரடு யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த கொள்கை அல்ல. பெரும்பாலும் காசும் நேரமும் போதாமல் வந்தது. மெட்டலுக்கு முன்னோடியான பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவானது. பங்க் குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பத்துக்கு 1976இல் ஆன செலவு சுமார் 6,400 டாலர். மெட்டலின் முத்திரையாகிவிட்ட சுருதி இறக்கத்துக்கும் கொள்கை காரணம் இல்லை. தகட்டு ஆலை விபத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்த சப்பாத் கிட்டார்காரர் டோனி ஐயோமிக்குக் கம்பி தளர்வாக இருந்தால்தான் வாசிக்க வசதி.

பங்க் செத்துவிட்டது என்ற ஒப்பாரியும் புதிதல்ல. கிராஸ் குழு அதைப் பாடியதே 1978இல். கிளாஷ் குழு 1977 ஜனவரியில் சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோதும் இதே பேச்சுதான். அவர்களுடைய பேர்பெற்ற ஆல்பம் 'லண்டன் காலிங்' வந்ததோ அதற்குப் பிறகு, 1979 டிசம்பரில்.

கரடுமுரடைத் தனியே பிரித்தெடுத்துக் கடையில் விற்க முடியும் என்பதற்கு பாஸ் கம்பெனியின் எச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடலே, அதாவது கிட்டார் ஓசையைக் கரகரப்பாக்கும் கால்மிதியே, சாட்சி. 1983இல் வந்து 1991இல் நின்றுபோன சரக்கு. ஸ்டாக்ஹோம் சன்லைட் ஸ்டுடியோவில் என்டூம்ட் குழு 1990இல் வெளிவந்த தன் முதல் ஆல்பத்தைப் பதிந்தபோது அதன் குமிழ்களைக் கடைசிவரை திருகி வைத்தார்கள். ரம்பம் மரத்தில் இறங்குவது போன்ற அந்த ஓசை ஸ்வீடன் டெத் மெட்டலுக்கே அடையாளமானது. 2021இல் அதே கம்பெனி பெடலை மறுபடி கொண்டுவந்தது, மென்பொருளாகவும் கிடைக்கிறது. வாங்கியவுடன் நான்கு குமிழையும் முழுக்கத் திருகுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மேல்ஸ்தாயிக் குமிழ் தூக்கிவிடுவது 1000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை. குரலின் சொல் தெளிவும் அங்கேதான் குடியிருக்கிறது. இரண்டு கிட்டாருக்கும் இதையே போட்டால் பாடுகிறவர் சுவருக்குப் பின்னால் நின்று கத்துவது போலக் கேட்கும். ஒரு கிட்டாருக்கு மட்டும் பெடல், மற்றதற்கு ஆம்ப்பின் (கிட்டார் ஒலிபெருக்கியின்) சொந்த டிஸ்டார்ஷன், பேஸ் கிட்டாருக்குத் தனியாகக் கொஞ்சம் கரகரப்பு, பெடலுக்குப் பின்னால், வாசிக்காத நேரத்தில் இரைச்சலை அடைக்க ஒரு நாய்ஸ் கேட் என்று வைத்தால், எல்லாம் சேர்ந்த மிக்ஸ் மூச்சு விடும். இதையெல்லாம் செய்தாலும் அது ஓசைதான். அசலுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

உண்மையான கோளாறு டிரம்ஸில் இருக்கிறது. 200 பிபிஎம் (நிமிடத்துக்கு 200 பீட்) வேகத்தில் ஒரு பீட்டுக்கு நான்கு அடி என்றால், அடிக்கும் அடிக்கும் இடையே 75 மில்லிசெகண்டு. எவ்வளவு தேர்ந்த டிரம்மருக்கும் சில அடிகள் மயிரிழை முந்தும், சில பிந்தும். சுளீரென ஒலிக்கும் ஸ்னேர் டிரம் முந்தினால் பாட்டு துரத்துகிறது, பிந்தினால் கனக்கிறது. ஹார்ட்கோரில் வேகம் தணிந்து கனக்கும் பிரேக்டவுன் பகுதி வரும்போது உடம்பு தானாக முன்னால் சாய்வது அந்தப் பிந்தலால்தான். எடிட்டிங்கில் இதைக் கம்ப்யூட்டரின் நேரக் கட்டத்துக்குள் இழுத்து, எல்லா அடியையும் துல்லியமாக 75இல் நிறுத்துகிறார்கள். வினை அங்கே தொடங்குகிறது. தலைக்கு மேல் தொங்கும் ஓவர்ஹெட் மைக்குகளிலும் ஸ்னேர் விழுந்திருக்கும். ஸ்னேர் ட்ராக்கை மட்டும் நகர்த்தினால் ஓர் அடி இரண்டாகக் கேட்கும். அதனால் எல்லா மைக்கையும் சேர்த்து வெட்டி நகர்த்த வேண்டும். வெட்டிய இடத்தில் சிம்பலின் ரீங்காரம் பாதியில் அறுந்து ஒட்டுப்போட்டது போல ஆகிறது. அதை மறைக்க ஓவர்ஹெட்டைக் குறைக்கிறார்கள். குறைத்ததும் டிரம்ஸ் மெலிகிறது. மெலிந்ததை நிரப்ப ஒவ்வொரு அடிக்கும் சாம்பிள், அதாவது முன்பே பதிந்து வைத்த டிரம் ஒலி, ஏற்றுகிறார்கள். அதிவேகமாக அடிக்கும் பிளாஸ்ட் பீட்டில் கை ஓங்க நேரமில்லாததால் ஸ்னேர் இயல்பாகவே மெல்ல விழும். சாம்பிளோ எல்லா அடியையும் ஒரே அச்சில் வார்த்து, தையல் மெஷின் ஓடுவது போலாக்கிவிடுகிறது. கடைசியில் டிரம்மர் வாசித்ததில் மிஞ்சுவது அடிகளின் வரிசை மட்டும்.

தவிர்க்க வழி இல்லாமல் இல்லை. குழு கிளிக் (காதில் சீராகத் தட்டும் தாளக் குறி) இல்லாமல் ஒருமுறை வாசித்ததை அளந்து, எங்கே வேகம் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்து, கிளிக்கையே அதற்கேற்ப அமைக்கலாம். பிறகு காதில் உறுத்துகிற அடியை மட்டும் நகர்த்தினால் போதும். சாம்பிள் வேண்டுமென்றால் இயல்பான ஸ்னேருக்கு அடியில், தாழ்ந்த அளவில், அடியின் பலத்தைப் பின்தொடரும்படி வைக்கலாம்.

அதற்காக இயந்திரத்தையே தீட்டு என்று ஒதுக்குவது அபத்தம். பிக் பிளாக் குழு டிரம் மெஷின் வைத்துத்தான் வாசித்தது. உறையில் அதற்கு 'ரோலண்ட்' என்று ஓர் உறுப்பினரைப் போலவே பெயர் போட்டது. 1988இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய காட்ஃப்ளெஷும் அப்படியே. அவர்களைப் போலி என்று சொல்ல நாக்கு வராது, ஏனென்றால் எதையும் ஒளிக்கவில்லை. கம்ப்யூட்டரில் எழுதிவைத்த டிரம்ஸை மனிதக் கை என்று நம்பவைப்பதும், மேடையில் இரண்டு கிட்டார்காரர்கள் நிற்க லேப்டாப் மூன்றாவது கிட்டாரையும் கோரஸ் குரல்களையும் வாசிப்பதும்தான் ஏமாற்று. கம்பி அறுந்தால் தெரிந்துவிடும்: கிட்டார்காரர் கை நிற்கும், கிட்டார் நிற்காது.

மெல்லிய ஓசைக்கும் பலத்த ஓசைக்கும் உள்ள இடைவெளியை நசுக்கிச் சத்தத்தை ஏற்றும் போட்டியைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியது சரி. மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் நசுங்கிப் போனதை ரசிகர்கள் கண்டுபிடித்ததே, கிட்டார் விளையாட்டு ஒன்றில் வந்த நசுங்காத வடிவத்தோடு ஒப்பிட்டுத்தான். இப்போது ஸ்பாட்டிஃபை சாதாரணமாகச் சத்தம் கூடிய பாட்டுகளை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்கு இறக்கிவிடுவதால், நசுக்கியவர்களுக்கு நசுங்கல்தான் மிச்சம்.

ஒரு கோரிக்கை. பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கிய 500 பவுண்டில் பதிந்து, 1977 ஜனவரியில் தானே வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' இசைத்தட்டின் உறையில், ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக் (பதிவு முயற்சி), எது பிறகு மேலே சேர்த்த ஓவர்டப் என்று அச்சிட்டிருந்தார்கள். ஒரு பாட்டுக்கு எதிரே: மூன்றாவது டேக், ஓவர்டப் கிடையாது. உங்கள் ஆல்பம் விமர்சனங்களின் அடியிலும் இரண்டு வரி சேருங்கள்: டிரம்ஸ் அடித்ததா எழுதியதா, சாம்பிள் உண்டா, மேடையில் லேப்டாப் எதை வாசிக்கிறது. கேட்டால் பல குழுக்கள் சொல்லிவிடும். பதில் வராவிட்டால், பதில் வரவில்லை என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்