சாங்கி – ஜே.எஃப்.கே: எத்தனை மணி நேரப் பயணம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நியூயார்க் டிக்கெட் எடுப்பவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது: "இணையத்தில் 17 மணி நேரம் என்கிறது, டிக்கெட்டில் பார்த்தால் நள்ளிரவு கிளம்பி விடிகாலை போய்ச் சேருகிறது. எது சரி?"

முதலில் தூரம். சிங்கப்பூர் 104 பாகை கிழக்கில், நியூயார்க் 74 பாகை மேற்கில் இருக்கின்றன. இரண்டும் பூமியின் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கம் என்பதால், மிகக் குறுகிய கோடு வட துருவத்தை ஒட்டியே போகிறது. சாங்கியிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்கின் ஜே.எஃப்.கே விமான நிலையம் வரை 49.4 பாகை. மொத்தம் 138. பாகைக்கு 111.2 கி.மீ. வைத்தால் ஏறத்தாழ 15,350 கி.மீ. வருகிறது. இதை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த 17 மணி நேரம்.

ஆனால் விமானம் அந்தக் கோட்டில் போவதில்லை. பெரும்பாலும் ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கைக் கடக்கும். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும். தூரம் கூடினாலும் எரிபொருள் மிஞ்சும். திரும்பும்போது சில நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, அப்போதும் கிழக்கு நோக்கியே வரும். ஓடுபாதைக்கு உருளும் நேரம், ஏறி இறங்கும் நேரம் எல்லாம் சேர்த்து 18½ முதல் 19 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றைப் பொறுத்து இது கூடும், குறையும்.

டிக்கெட்டில் இருப்பதோ அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் நம்மைவிட 12 மணி நேரம் பின்தங்கியது. நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13. ஜனவரியில் திங்கள் பிறக்கும் நள்ளிரவு 12:00 மணிக்குக் கிளம்பினால், 18 மணி 40 நிமிடம் பறந்து, அதே திங்கள் காலை 5:40க்கு இறங்குவீர்கள். திரும்பும்போது திங்கள் காலை 10:30க்கு ஏறினால் செவ்வாய் மாலை 6:10க்குத்தான் சாங்கி. மறுநாள் காலையே வேலைக்குப் போகவேண்டியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று: இதுபோன்ற மிக நீண்ட தடங்களுக்கென்றே செய்த, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350-900 யூ.எல்.ஆர். விமானத்தில் 161 இருக்கைகள்தாம். பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையாது. எகானமிதான் வேண்டுமென்றால் இடையில் ஓர் ஊரில் நின்று போகும் விமானத்தைப் பாருங்கள்.

அமெரிக்காவுக்குள் இன்னோர் ஊருக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். குடிநுழைவுச் சோதனை முதலில் இறங்கும் ஊரிலேயே நடக்கும். பெட்டிகளையும் அங்கேயே எடுத்து மறுபடி ஒப்படைக்கவேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் இணைப்பு விமானம் போட வேண்டாம். அந்த விமானம் நுவார்க்கிலிருந்தோ லகார்டியாவிலிருந்தோ கிளம்பினால் சாலை வழியே வேறு நிலையத்துக்குப் போகவேண்டியிருக்கும், ஐந்து மணி நேரமாவது விடுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள், நேரம் பார்த்து மாத்திரை எடுப்பவர்கள், டிக்கெட்டை மருத்துவரிடம் காட்டி வேளைகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும்.

அன்புடன்,
பயணச்சீட்டுப் பிரிவு
சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்