சேத்தின் குலத்தில் பாம்பு எதற்கு?

பாப்பா,

உன் விளையாட்டுக்காக நீ எழுதி அனுப்பிய, எகிப்தியக் கடவுள் சேத்தைக் கும்பிடும் காட்டேரிக் குலத்தின் வரலாறு வந்து சேர்ந்தது. மெயிலில் நேரம் விடிகாலை 3:40 என்று காட்டுகிறது. பெங்களூருக்கும் மதுரைக்கும் மணி ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். ராத்திரியில் தூங்கு.

அம்மா நலம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் வேலை விஷயமாகத் தம்பி ஏதோ சொன்னான். நான் தோண்டிக் கேட்கவில்லை, நீ சொல்லும்போது சொல். இந்தக் கடிதத்தில் உன் குலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாம்பு. கொடியில், மோதிரத்தில், கோயில் வாசலில் என்று திரும்பிய பக்கமெல்லாம் வைத்திருக்கிறாய். சேத் பாம்பு இல்லையம்மா, பாம்பைக் குத்துகிறவன். சூரியக் கடவுள் ராவின் படகு ராத்திரி பன்னிரண்டு மணி நேரமும் பாதாளத்தில் போகும்போது அதை விழுங்க வருகிற பாம்பின் பெயர் அபெப். படகின் முகப்பில் நின்று அதன்மேல் ஈட்டியை இறக்குகிறவன்தான் சேத். செத்தவர்களுக்காக எகிப்தியர் எழுதிவைத்த மந்திரத் தொகுப்பான இறந்தோர் நூலின் 108-ஆம் மந்திரத்தைப் படி. எகிப்தின் கார்கா பாலைவனச்சோலையில் ஹிபிஸ் கோயில் இருக்கிறது. பாரசீக அரசன் முதலாம் தாரியஸ் காலத்து வேலை அது. அங்கே சேத்துக்குப் பருந்துத் தலை, விரித்த சிறகு, கையில் ஈட்டி, காலடியில் அபெப். இதைவிட நல்ல கொடி உனக்கு எங்கே கிடைக்கும்? பழைய காலத்துச் சின்னம் வேண்டுமென்றால் சேத்தின் விலங்கையே போடு: வளைந்த நீள மூக்கு, நுனி வெட்டியது போல நிமிர்ந்த காது, விறைத்த வால். இன்ன மிருகம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத மிருகம் அது. காட்டேரிகளுக்குப் பொருத்தம்தானே?

பாம்புதான் வேண்டும் என்று பெரியத்தை மாதிரிப் பிடிவாதம் பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. கிரேக்கர்கள் சேத்தையும் தங்கள் புராணத்து அரக்கன் டைஃபோனையும் ஒன்றாக்கினார்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே சேத்தை டைஃபோன் என்றுதான் எழுதுகிறார். டைஃபோனுக்கு உடம்பெல்லாம் பாம்பு. ஆகவே கி.மு. 332-இல் அலெக்சாந்தர் வந்த பிறகு குலத்துக்குள் பாம்பு நுழையட்டும். பழையவர்கள் பாம்பை வெட்டுவார்கள், புதியவர்கள் அதையே கும்பிடுவார்கள். அந்த ஒரு சண்டையிலேயே உன் விளையாட்டு பாதி தூரம் ஓடிவிடும்.

அடுத்தது, நீ சேத்தை ஆதியிலிருந்தே கெட்டவனாக எழுதியிருப்பது. அப்படி எழுதினால் இந்தக் குலத்துக்கு வரலாறே இல்லாமல் போய்விடும். அவன் ராஜாக்களின் சாமி, பாப்பா. சொந்த ஊர் நைல் நதியின் மேற்குக் கரையில் நக்காடா பக்கத்தில் இருந்த நுப்த். கிரேக்கர்கள் அதை ஓம்போஸ் என்றார்கள். தொல்லியலாளர் பெட்ரீ 1895-இல் தோண்டிய இடம். இரண்டாம் வம்சத்து அரசன் பெரிப்சென், தன் பெயரை எழுதும் கட்டத்தின் மேல் வழக்கமாக நிற்கிற, ஹோரஸ் தெய்வத்தின் பருந்தை எடுத்துவிட்டு சேத்தின் விலங்கை வைத்தான். அடுத்து வந்த காசெகெம்வி இரண்டையும் சேர்த்தே வைத்தான். குலத்தின் முதல் பிளவை அங்கே போடு. பிறகு மேற்காசியாவிலிருந்து வந்த ஹிக்சாஸ் ஆட்கள் நைல் டெல்டாவின் அவாரிஸ் ஊரில் உட்கார்ந்துகொண்டு, தங்கள் தெய்வமான பாஆலோடு சேத்தை ஒன்றாக்கி வழிபட்டார்கள். அவர்களைத் துரத்திய பிறகும் சேத்துக்கு மவுசு குறையவில்லை. அரசன் முதலாம் சேத்தி தன் பெயரிலேயே அவனை வைத்திருந்தான். ஹிட்டைட்டுகளோடு நடந்த காதேஷ் போரில் எகிப்திய அரசன் இரண்டாம் ராமசேஸின் நான்கு படைப்பிரிவுகளில் ஒன்றுக்கு சேத்தின் பெயர்.

ஆனால் அந்தச் சேத்தியின் கல்லறையில் என்ன செய்திருக்கிறார்கள் பார். ராஜாக்களின் பள்ளத்தாக்கில் 1817-இல் பெல்சோனி கண்டுபிடித்த கல்லறை. அதன் சுவரில் அரசன் பெயரில் சேத்தின் உருவம் வர வேண்டிய இடத்தில், செத்தவர்களின் தெய்வமான ஒசைரிஸின் உருவத்தைப் போட்டிருக்கிறார்கள். ஒசைரிஸைக் கொன்றவன் பெயரை ஒசைரிஸின் வீட்டுக்குள் எழுத முடியாதே. இந்த ஒன்றை வைத்தே நீ ஒரு அத்தியாயம் எழுதலாம். வெளியில் பட்டத்துச் சாமி, கல்லறைக்குள் பேர் சொல்லக்கூடாதவன்.

கதைகளில்கூட முழு வீழ்ச்சி கிடையாது. ஐந்தாம் ராமசேஸ் காலத்துப் பாப்பிரஸ் சுருளில், ஒசைரிஸின் மகன் ஹோரஸும் சேத்தும் ராஜபட்டத்துக்காக 80 வருஷம் வழக்காடுகிறார்கள். தோற்ற சேத்தை ரா தன்னோடு வைத்துக்கொள்கிறான், வானத்தில் இடிமுழக்கம் செய்யட்டும் என்று. உண்மையான விரட்டல் அதற்கும் பிந்தி, கி.மு. முதலாம் ஆயிரமாண்டில். உருவங்களைச் செதுக்கி அழித்தார்கள். எட்ஃபு கோயில் சுவரில் அவன் நீர்யானை, ஹோரஸ் ஈட்டி ஈட்டியாகக் குத்துகிறான், கடைசியில் நீர்யானை வடிவில் செய்த பணியாரத்தை வெட்டிப் பங்கு போடுகிறார்கள். அப்போதும் தாக்லா பாலைவனச்சோலையில் சேத்துக்குக் கோயில் இருந்தது, ரோமானியர் காலம் வரைக்கும் பூசை நடந்தது. உன் குலம் ஒதுங்க வேண்டிய இடம் தாக்லா. அலெக்சாந்திரியாவின் நிலவறையில் கொண்டுபோய் அடைத்திருக்கிறாயே, சேத்தின் மண் பாலைவனம் அல்லவா?

நீ எழுதியதில் எனக்குப் பிடித்த பக்கம் தாகத்தைப் பற்றியது. பெருமையாகவே இருந்தது, அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். ஆனால் காரணம் சொல்லாமல் விட்டுவிட்டாய். எகிப்தில் செத்தவருக்கும் பசி உண்டு. கல்லறையில் கதவு மாதிரி செதுக்கிய பொய்க்கதவின் முன்னால் ரொட்டியும் பீரும் வைக்க வேண்டும், அதற்கென்று நிலம் எழுதிவைத்துப் பூசாரியை அமர்த்துவார்கள். இரண்டு மூன்று தலைமுறையில் நிலம் கைமாறும், படையல் நின்றுபோகும். உன் காட்டேரி அங்கேதான் பிறக்க வேண்டும், படையல் நின்றுபோன பிணமாக. ரொட்டியிலிருந்து ரத்தத்துக்குப் போக, சிங்க முகத் தெய்வம் செக்மெத்தின் கதை இருக்கிறது. மனிதர்களைக் கொன்று குடித்து வெறியேறிய அவளை நிறுத்த, 7000 ஜாடி பீரில் சிவப்பு மண்ணைக் கலந்து வயலில் மூன்று கையளவு உயரத்துக்குத் தேக்கினார்கள். ரத்தமென்று குடித்து மயங்கினாள். ஆகவே சிவப்பு பீர் உன் குலத்தாரை ஒரு ராத்திரிக்கு அடக்கும் என்று விதி வை. ரொம்ப நாள் தாங்கக்கூடாது.

குலத்தில் ஒருவரைச் சேர்க்கும் சடங்குக்குக் கழுத்துக்கடி போதாது. வாய்திறப்புச் சடங்கை எடுத்துக்கொள். உடலை 70 நாளில் நேட்ரான் உப்பில் உலர்த்திச் சுற்றிக் கட்டி முடிப்பார்கள், இதயத்தை மட்டும் உள்ளேயே விடுவார்கள். பிறகு கல்லறை வாசலில் நிமிர்த்தி வைத்து, சிறுத்தைத் தோல் போர்த்திய, ‘செம்’ என்ற பதவியில் இருக்கும் பூசாரி, மரம் செதுக்கும் வாச்சியால் வாயைத் தொடுவார். செத்தவர் அதன் பிறகுதான் தின்ன முடியும், பேச முடியும். அந்த வாச்சியின் இரும்பு சேத்திடமிருந்து வந்தது என்று பிரமிடுகளின் உள்சுவரில் எழுதிய பிரமிடு வாசகங்களே சொல்கின்றன. சேத்தின் இரும்பு வாயைத் திறக்கிறது, அவ்வளவு போதும் உனக்கு.

காட்டேரியைக் கொல்ல நெஞ்சில் இறக்கும் மரமுளை வேண்டாம். பெயரை உளியால் கொத்தி எடுத்தால் அதுதான் இரண்டாம் சாவு. தினசரிப் பூசைக்கு பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பிரெம்னர்-ரைண்ட் பாப்பிரஸைப் பார். அபெப்பை மெழுகில் செய்து பச்சை மையில் பெயர் எழுது, மேலே நான்கு தடவை துப்பு, இடது காலால் மிதி, ஈட்டியால் குத்து, கட்டு, கத்தியால் வெட்டு, நெருப்பில் போடு. வலது காலால் மிதிக்கிற காட்சியை எழுதிவிடாதே.

வெயில் ஏன் சுட வேண்டும் என்ற கேள்விக்கு நீ பதிலே எழுதவில்லை. ராவைக் காப்பாற்றுகிறவனின் ஆட்களை ரா ஏன் எரிக்கிறான்? என் யோசனை இது. அவர்கள் வேலை ராத்திரியில், படகில். கோயில்களை மூடி, படகிலிருந்து இறக்கிவிட்ட பிறகு விடியலில் அவர்களுக்கு இடமில்லை. பிலே தீவுக் கோயிலில் எகிப்தின் கடைசிச் சித்திர எழுத்து கி.பி. 394 ஆகஸ்ட் 24-இல் வெட்டப்பட்டது. அந்த நாளிலிருந்து வெயில் சுடட்டும். அதற்கு முன்னால் அவர்கள் பகலிலும் நடந்தவர்கள்.

ராத்திரி வேலை என்று எழுதும்போதே உன் நினைப்புதான். எந்த வேலையாக இருந்தாலும், இல்லாவிட்டாலும், தூங்கு. சமைக்க முடியாவிட்டால் தயிர்சோறாவது சாப்பிடு. உன் கணக்கில் கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன், எதற்கு என்று கேட்காதே, நானும் ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவளுக்கு ஒரு போன் போடத் தெரியாதா? அம்மா ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

தமிழ் வணிகன் ஒருவனைக் குலத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். சேர்க்கலாம், ஆனால் நீ போட்டிருக்கிற ராமசேஸ் காலத்தில் இல்லை, ரோமானியர் காலத்தில். செங்கடல் கரையில் பெரனிகே துறைமுகம், இல்லாவிட்டால் குசைர் அல்-காதிம். இரண்டு இடத்திலும் தமிழ்-பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. குசைர் ஓட்டில் ‘பானை ஒறி’, அதாவது பானை தொங்கும் உறி, என்று இருக்கிறது. பெரனிகேயின் கோயில் முற்றத்தில் இந்தியாவில் செய்த ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. அவனை மிளகோடு இறக்கு, கோயிலுக்குள் கொண்டுபோ, அங்கிருந்து மேற்கே நைலைக் கடந்து தாக்லா வரை ஒட்டகத்தில் போகட்டும். திருத்திய பக்கங்களை அனுப்பு, பகலில்.

அப்பா