வாசல் அகலத்தை அளந்து எழுது

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. தம்பி தேர்வு எழுதிவிட்டான். மற்றதை அவனே சொல்வான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் பேசும்போது பேரன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடினான் அல்லவா, அப்போது கூடத்துச் சுவரைப் பார்த்தேன். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு கோடு. மேலே நீ ஆசையாகத் தேர்ந்தெடுத்த மஞ்சள், கீழே அழுக்குப் பழுப்பு. குளியலறைக் கதவின் அடிப்பக்கம் உப்பி, மேல்தகடு பிரிந்து நிற்கிறது. அவன் வாசலுக்கு ஓடியபோது வெளிச்சுவரையும் கவனித்தேன். அங்கே கோடு இல்லை. மழை எப்படி என்று அம்மா கேட்டதற்கு, "இங்கே ஒன்றும் இல்லை" என்றாய். சரி, நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. இவ்வளவு காலம் குழாய் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளம் என்றால் எல்லோரும் வாசலைத்தான் பார்ப்பார்கள். இருக்கிற மணல் மூட்டையை எல்லாம் அங்கே அடுக்கிவிட்டு நிம்மதியாக உட்காருவார்கள். தெருச் சாக்கடை நிரம்பி, அதன் நீர்மட்டம் உன் வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்டால், தண்ணீருக்கு வாசல் தேவையில்லை. கழிவு போகிற குழாய் வழியாகவே திரும்பி வரும். முதலில் கழிவறைக் கோப்பையில் குளுக் குளுக் என்று சத்தம் கேட்கும். பிறகு குளியலறைத் தரையில் உள்ள சல்லடை வழியாகப் பொங்கும், ஏனென்றால் வீட்டிலேயே தாழ்ந்த திறப்பு அதுதான். படிக்கட்டில் ஒரு சொட்டு இல்லாதபோதே கூடம் நனைந்துவிடும்.

இதற்கு மருந்து நான்-ரிட்டர்ன் வால்வு. வீட்டின் கடைசி சேம்பருக்கும் (கழிவுநீர்க் குழாயைத் திறந்து பார்க்கும் தொட்டி) தெருக் குழாய்க்கும் நடுவில் வைக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே போகவிடும், வெளியிலிருந்து வரும்போது அதன் மடல் மூடிக்கொள்ளும். மழைக்காலத்துக்கு முன் அதைத் திறந்து கழுவ வேண்டும். ஒரு முடிக்கற்றை சிக்கினாலும் மடல் முழுதாக மூடாது. இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் சொல்வதில்லை. மடல் மூடியிருக்கும்போது உங்கள் கழிவுநீரும் வெளியே போகாது. அந்த நேரத்தில் குளிப்பது, துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டுவது எல்லாம் கூடாது. ஊற்றுகிற தண்ணீர் உங்கள் தரைக்கே வரும். வால்வு போடும் வரை, நல்ல பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பிக் கோப்பைக்குள் அழுத்தி வை. சல்லடை மேலும் ஒன்று வை.

மணல் மூட்டையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. விறைப்பாக நிரப்பினால் ஒன்றோடொன்று பொருந்தாமல் இடுக்கு விழும். செங்கல் அடுக்குவதுபோல இணைப்பு மாற்றி அடுக்கி, தண்ணீர் வரும் பக்கம் பிளாஸ்டிக் விரிப்பைப் போட வேண்டும். விரிப்பு இல்லாத மூட்டை தண்ணீரைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது.

மின்கம்பியும் குழாயும் சுவரைத் துளைத்து வரும் இடங்களை மாப்பிள்ளையிடம் சொல்லி அடைக்கச் சொல். சுவரும் தரையும் சேரும் மூலைகளையும் பார்க்கச் சொல். மண் ஊறிவிட்டால் ஓதம் கீழிருந்தே ஏறும்.

நீயே கடன் வாங்கி, நீயே தவணை கட்டும் வீடு. பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மாவுக்கே சலித்துவிட்டது. வாங்கும் முன் ஒருமுறை என்னைக் கூட்டிப் போயிருந்தால், தெருவைவிடத் தரை தாழ்ந்திருக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லியிருப்பேன். நீ கூப்பிடவில்லை. இனி அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன். ஆனால் தண்ணீர் வந்தால் வந்தது என்று சொல்லம்மா. ராத்திரியில் தொலைபேசி வந்தால் பதறுவேன் என்று நினைக்காதே. வராவிட்டால்தான் பதறுகிறேன்.

இன்வெர்ட்டரைக் கேட்க மறந்துவிட்டேன். கீழே தரையிலா வைத்திருக்கிறீர்கள்? மெயின் சுவிட்சை அணைத்தாலும் அது மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதையும் அணைக்க வேண்டும், அதற்கு முன் மேலே ஏற்றிவிட வேண்டும். தண்ணீர் பிளக் உயரத்துக்கு வரும் முன்பே மெயினை அணை. காலடியில் தண்ணீர் நின்ற பிறகு சுவிட்ச் பலகையைத் தொடாதே.

வாசலுக்குத் தடுப்புப் பலகை போடலாம். ஆனால் 60 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். ஒரு மீட்டர் அகலப் பலகைக்கு வெளியே 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் சுமார் 45 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 60 செ.மீ. நின்றால் 180 கிலோ. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. சுவரும் அதையே தாங்க வேண்டும். அதற்கு மேல் வந்தால் தண்ணீரை உள்ளே விட்டுவிடு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போய்விடு. பொருள் போனால் போகட்டும். பெரியப்பா வீட்டுச் சுவர் உனக்கு நினைவிருக்கும்.

உள்ளே வந்தது மழைத்தண்ணீர் அல்ல, சாக்கடை. அந்தத் தரையில்தான் அவன் கார் பொம்மையை உருட்டுகிறான். தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டீர்களா? கழுவும்போது கையுறை போட்டுக்கொண்டாயா? தரைக்கீழ்த் தொட்டியின் மூடி தரை மட்டத்திலேயே இருந்தால் அந்தத் தண்ணீர் அதற்குள்ளும் போயிருக்கும். தொட்டியைக் காலி செய்து, கழுவி, குளோரின் போடும் வரை அதிலிருந்து ஒரு வாய்கூட அவனுக்குக் கொடுக்காதே.

இன்வெர்ட்டரை இன்றே மேலே ஏற்றச் சொல். வால்வை நானே வந்து போடுகிறேன், வேறு ஆளைக் கூப்பிட வேண்டாம். மாப்பிள்ளைக்கு வசதியான நாள் எது என்று கேட்டு எழுது. பலகையை இங்கேயே அறுத்து, ரப்பர் பட்டை ஒட்டிக் கொண்டுவருகிறேன். அதற்கு வாசல் நிலையின் உள் அகலம் வேண்டும். மேலே ஒரு அளவு, அடியில் ஒரு அளவு எடு. நிலை கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். கடைசி சேம்பரில் குழாய் நாலு அங்குலமா, ஆறு அங்குலமா என்றும் பார்.

அன்புடன்,
அப்பா