வெளிநாட்டிலிருந்து டிக்கெட் போடும் கூடலூர்ப் பிள்ளைகளுக்கு

தம்பி தங்கச்சிகளே,

நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். இப்போதெல்லாம் அம்மா அப்பாவுக்கு நீங்களே ஆப்பில் டிக்கெட் போட்டுவிடுகிறீர்கள், அதில் எனக்கு வருத்தமில்லை (கொஞ்சம் உண்டு, அதை விடுங்கள்). ஆனால் 'பெங்களூர் டு லண்டன் 8,000 கிலோமீட்டர், பத்துப் பதினோரு மணி நேரம், நேர் ஃபிளைட், ஏறி உட்கார்ந்தால் போதும்' என்று அப்பாவிடம் போனில் சொல்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

அந்த 8,000 என்பது உருண்டை பூமியின் மேல் நூல் பிடித்து எடுத்த அளவு. விமானம் அப்படியே நூல் மேல் போகாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை அடைத்ததும், மேற்கே போகும் நம் விமானங்கள் பலவும் சுற்ற வேண்டி வந்தது. அப்புறம் காற்று. மேற்கே போகையில் எதிர்க்காற்று, திரும்பும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளும், அதனால் போகிற நேரம் வேறு, வருகிற நேரம் வேறு. 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவம் பக்கமாக பெங்களூர் வந்ததே, கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர், 17 மணி நேரம்! சுவரில் மாட்டிய மேப்பைப் பார்த்தால் அந்த வழி யாருக்காவது தோன்றுமா?

சரி, வானத்தை விடுங்கள், அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பெங்களூர் ஏர்போர்ட் தேவனஹள்ளியில், ஊருக்கு வடக்கே. நாம் போக வேண்டியது எதிர்ப்பக்கம், மைசூர் ரோடு. மாலை நாலு மணிக்கு இறங்கினால், இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிந்து நகர நெரிசலைத் தாண்டி மைசூர் வரும்போதே ஒன்பதைத் தொட்டுவிடும். மைசூர் தாண்டிக் கூடலூர் வரும் வழியில் உள்ள பந்திப்பூர் காட்டில் 2009-லிருந்து இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை கேட் அடைப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, யானைக்காக அடைக்கிறார்கள், அதில் தப்பே இல்லை. போன குளிர்காலத்தில் ஒரு அம்மாவை அந்த செக்போஸ்ட்டில் பார்த்தேன். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, ஏர்லைன்ஸ் சீட்டு ஒட்டிய பெட்டி மேல் காலை நீட்டிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே காரில் உட்கார்ந்திருந்தார். மகன் போட்ட டிக்கெட், 'ரொம்ப ஃபாஸ்ட்டான ஃபிளைட் தம்பி' என்று பெருமையாகத்தான் சொன்னார்.

ஆப் கடைசியில் தள்ளும் கரிப்பூரையும், அதாவது கோழிக்கோடு ஏர்போர்ட்டையும், கொஞ்சம் பாருங்கள். 2020 ஆகஸ்டில் அங்கே நடந்த விமான விபத்துக்குப் பிறகு பெரிய விமானங்களை அங்கே நிறுத்திவிட்டார்கள், சின்ன விமானத்தில் நாலு மணி நேரம் வளைகுடா, அங்கே மாறி லண்டன். கணக்கில் நீளம்தான். ஆனால் கரிப்பூரில் இறங்கினால் நிலம்பூர், வழிக்கடவு, நாடுகாணி ஏற்றம், மூன்று மூன்றரை மணி நேரத்தில் வீடு, ராத்திரி கேட்டும் கிடையாது. மழைக்காலத்தில் நாடுகாணியில் மண் சரியும், அப்போது மட்டும் யோசியுங்கள். மாறுகிற இடத்தில் வீல்சேர் வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள், பெரியவர்கள் கூச்சப்பட்டுத் தாங்களாகக் கேட்க மாட்டார்கள்.

நேர் ஃபிளைட்தான் வேண்டுமென்றால் அதிகாலையில் பெங்களூரில் இறங்குவதாகப் பார்த்துப் போடுங்கள். இல்லையென்றால் மைசூரில் ஒரு ரூமுக்கும் சேர்த்துப் பணம் அனுப்புங்கள்.